‘சோல்ஜர் போர்டு’க்குப் போனால் எங்கள் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் பணியாற்றி 2003-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்ற உங்கள் தந்தை இரண்டு மாதங்களுக்கு முன் தமது 58-ஆம் வயதில் காலமாகிவிட்டார், குடியாத்தம் அருகே கிராமத்தில் இருக்கும் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் தொடங்கவில்லை, 2005-இல் பிறந்த தங்கை பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். உங்களுக்கு 27 வயது, நிலையான வேலை இல்லை. ‘வேலூரில் சோல்ஜர் போர்டு இருக்கிறது, போனால் எல்லாம் முடித்துக் கொடுப்பார்கள்’ என்று ஊரில் சொல்கிறார்கள். தந்தையோ ஓய்வுக்குப் பின் அந்தப் பக்கமே தலைகாட்டியதில்லை. என்ன கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்த அலுவலகம் இராணுவத்தினுடையதா, மாநில அரசினுடையதா, அதன் கை எதுவரை நீளும்? அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு வந்து, முதல் நாளே மனம் நொந்து, பிறகு எட்டிப் பார்க்காமலே போய்விட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இராணுவத்தில் கிளார்க்காக இருந்து வெளியே வந்த பின், ஒரு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். நான் வழக்கறிஞர் அல்லன். இப்போது பணியிலும் இல்லை. ஆகவே நடைமுறையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மாநில அரசின் மானியத் தொகைகள் அரசாணைக்கு அரசாணை மாறுபவை என்பதால் அவற்றை மட்டும் அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோல்ஜர் போர்டு என்பது பழைய பெயர். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்காக 1919-இல் ஆங்கிலேய அரசு தொடங்கிய இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டின் நினைவாக அது மக்கள் வாயில் இன்றும் நிற்கிறது. அதன் இன்றைய வடிவம் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு. மாநிலத்தில் இருப்பதோ தமிழக அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை. அதற்குச் சென்னையில் இயக்குநரகமும், மாவட்டத்தில் உதவி இயக்குநரின் கீழ் ஓர் அலுவலகமும் உண்டு. மாவட்ட வாரியத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். செலவில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. ஊழியர்களும் கட்டடமும் கோப்புகளும் மாநில அரசைச் சேர்ந்தவை. அங்கே வாங்கப்படும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் டெல்லிக்கோ, படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் இராணுவத்தின் ரெக்கார்ட் ஆபீசுக்கோ போகிறவை. எனவே அதை வாசல்கள் இரண்டு உள்ள வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசலால் மாநிலத்தின் சிறு உதவிகள் வரும். மற்றொன்றின் வழியாக உங்கள் தாள்கள் சரிபார்க்கப்பட்டு வெளியே போகும். மக்கள் முதல் வாசலையே பார்க்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு இப்போது வேண்டியது இரண்டாவது.

ஏனென்றால், ஓய்வூதியத்தை அந்த அலுவலகம் வழங்குவதில்லை, நிர்ணயிப்பதும் இல்லை. இராணுவ ஓய்வூதியம் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத்துறையின் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து, இப்போது ஸ்பர்ஷ் என்னும் இணையதளம் வழியாகத் தாயாரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது. முதலில் தந்தையின் மறைவை ஸ்பர்ஷில் பதிய வேண்டும். இறப்புச் சான்று, தாயாரின் ஆதார், பான், தாயார் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். உங்களால் செய்ய முடியாவிட்டால் பொது சேவை மையத்தில் செய்யலாம். நல அலுவலகத்தில் கேட்டாலும் உடன் உட்கார்ந்து செய்து தருவார்கள். இதற்கிடையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தந்தையின் ஏடிஎம் அட்டையில், அவர் இறந்த பின் வரவான ஓய்வூதியத்தை எடுக்காதீர்கள். துக்க வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தத் தொகை பின்னால் தாயாரின் ஓய்வூதியத்திலிருந்து பிடித்தம் செய்யப்படும். முதல் மாதமே பாதித் தொகை வந்ததென்று கண்ணீரோடு வந்து நின்ற அம்மாக்கள் எத்தனையோ பேர்.

தொகை எவ்வளவு என்பதில் ஐயம் இல்லாத பகுதியைச் சொல்கிறேன். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும். ஆனால் உங்கள் தந்தை 67 வயதுக்கு முன்பே இறந்திருப்பதால், முதலில் உயர்த்தப்பட்ட வீதம், அதாவது 50 விழுக்காடு, பொருந்தும். இறந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள், இவற்றில் எது முந்தியோ அதுவரை அது வரும். உங்கள் கணக்கில் ஏழு ஆண்டுகள். தந்தை வாங்கிய ஓய்வூதியத்தை அது தாண்டாது. ஏழு ஆண்டுகள் முடிந்த மாதத்தில் தொகை சட்டென்று இறங்கும். இப்போதே தாயாரிடம் சொல்லி வையுங்கள், டைரியிலும் எழுதி வையுங்கள். எட்டாம் ஆண்டில் ‘என் பணத்தை யாரோ தின்றுவிட்டார்கள்’ என்று மனு எழுத வருகிறவர்களுக்கு நாங்கள் சொன்ன விளக்கத்தை அவர்களில் பலர் கடைசிவரை நம்பியதே இல்லை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் தாயார் பெயர் ‘செல்வி’ என்றும் ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்றும் இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். நம் ஊர்ப் பெயர்களுக்கும் இராணுவப் படிவங்களுக்கும் என்றைக்கும் ஒத்துவந்ததில்லை. திருமணமான புதிதில் சிப்பாய் தன் யூனிட்டில் மனைவி பெயரைச் சொல்வார். வடநாட்டு கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதுவார். அது யூனிட்டின் அதிகாரப்பூர்வப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறிவிட்டால் பிறகு ஓய்வூதிய ஆணையான பிபிஓ வரை அப்படியே போகும். தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடும். கணவர் பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னால் வரும், மற்றொன்றில் பின்னால் வரும். பிறந்த தேதியோ பெரும்பாலும் ஒரு மதிப்பீடு. நான் பணியில் இருந்தபோது ஓர் அம்மாவின் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன்: டிஸ்சார்ஜ் புக், ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். நான்கிலும் நான்கு பெயர். கணவர் சேவையில் இருந்தபோது அவர் ‘பொன்னி’, ரேஷன் அட்டையில் ‘பொன்னம்மாள்’, மற்ற இரண்டிலும் எழுத்துப் பிழை வேறு. நான்கும் தாம்தான் என்பதை அந்த அம்மா யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றே அதுவரை வாழ்ந்திருந்தார்.

இதைச் சரிசெய்யும் இடம் ரெக்கார்ட் ஆபீஸ். அதற்கு உங்களை அறிமுகப்படுத்தும் இடம் மாவட்ட நல அலுவலகம். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம், அதற்குத் துணையான ஆவணங்கள், திருமணப் புகைப்படமோ பதிவோ இருந்தால் அது, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கும் வாரிசுச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து, உதவி இயக்குநரின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். நீங்கள் தனியாக அனுப்பும் கடிதத்துக்கும், அலுவலக எண்ணும் முத்திரையும் உள்ள கடிதத்துக்கும் வரும் பதிலின் வேகம் ஒன்றல்ல. உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு: மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில்தான் இருக்கிறது. பீரங்கிப் படைக்காரர் குடும்பம் நாசிக்குக்கும், சிக்னல்ஸ்காரர் குடும்பம் ஜபல்பூருக்கும் எழுதிவிட்டுக் காத்திருக்க, நீங்கள் ஒருநாள் பேருந்து ஏறி நேரிலேயே போய் வரலாம். பிறந்த தேதியையும் அதே மனுவில் திருத்திக்கொள்ளுங்கள். 80 வயதில் குடும்ப ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இன்னும் கூடும். அதெல்லாம் அந்தத் தேதியைப் பார்த்துத்தான்.

தங்கையின் நிலை இதைவிடச் சற்றுக் கடினம். தந்தை ஓய்வு பெற்றது 2003, தங்கை பிறந்தது 2005. அதாவது இராணுவத்தின் தாள்களில் அப்படி ஒரு மகளே இல்லை. சேவையில் இருக்கும்போது பிறந்த குழந்தைக்கு யூனிட்டிலேயே பார்ட் டூ ஆர்டர் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பின் பிறந்த குழந்தையைத் தந்தையே முயன்று சேர்த்திருக்க வேண்டும். அவர் அலுவலகப் பக்கம் போகாததன் விலை இதுதான். பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு இப்போதும் சேர்க்கலாம். காலம் பிடிக்கும், அவ்வளவே. கல்வி உதவிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தாயாருக்குப் பிறகு, திருமணமாகாத, வருமானமில்லாத மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடர விதி இடம் தருகிறது. அந்த நாளில் போய்ப் பெயரைச் சேர்ப்பதைவிட, தாயார் கையெழுத்திட இருக்கும்போதே சேர்ப்பது பல மடங்கு எளிது.

கல்வி உதவியில் இரண்டு திட்டங்களை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பிரதமர் கல்வி உதவித்தொகை, பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஆண்களுக்கு 2,500 ரூபாயும், தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்கு உரியது. முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுத் தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். பி.எஸ்சி. கணிதத்துக்கு அது வராது. பின்னால் தங்கை எம்.சி.ஏ. அல்லது எம்.பி.ஏ. சேர்ந்தால் சேர்ந்த ஆண்டே நினைவில் கொள்ளுங்கள். இப்போது அவருக்குப் பொருந்துவது கேந்திரிய சைனிக் போர்டின் கல்வி மானியம். ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப்பட்ட நிலையினருமான முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் இருவர் வரை, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை கிடைப்பது. மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் 2,000 ஆக்கியிருக்கிறார்கள். தேர்ச்சி பெற்ற மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். விண்ணப்பம் இணையத்தில்; ஆனால் அசல் ஆவணங்களை ஒப்பிட்டு மேலே தள்ளுவது மாவட்ட அலுவலகம். மாநில அரசின் கல்வி உதவியும் தனியாக உண்டு; இரண்டையும் ஒரே பிள்ளைக்கு வாங்க முடியாது. எது அதிகமோ அதைக் கேட்டு ஒன்றுக்கு மட்டும் எழுதுங்கள். நாளை தங்கைக்குத் திருமணம் என்றால், கேந்திரிய சைனிக் போர்டின் திருமண மானியம் இப்போது 1,00,000 ரூபாய்; திருமணம் நடந்த 180 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். கல்யாண அலைச்சலில் இந்த நாட்கணக்கைத் தவறவிட்டவர்களே மிகுதி. பெயர் பதிவில் இல்லாத மகளுக்கு இந்த மானியங்கள் எதுவும் நகராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்தின் சொந்த உதவிகள் பெரும்பாலும் தொகுப்பு நிதியிலிருந்து வருபவை: ஈமச்சடங்கு மானியம், மூக்குக் கண்ணாடி மானியம், கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரம் போன்றவை. இவற்றின் பின்னால் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி நீங்களும் பள்ளியில் கொடுத்தது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் காகிதக் கொடிக்கு நீங்கள் போட்ட காசும், ஒவ்வொரு துறைக்கும் ஆட்சியர் நிர்ணயிக்கும் வசூல் இலக்கும் சேர்ந்து இந்த நிதியாகின்றன. ஈமச்சடங்கு மானியத்துக்கு உடனே கேளுங்கள். அதற்கும் காலக்கெடு உண்டு, இரண்டு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. பெரிய தொகைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என் பார்வையில் இந்தச் சிறு மானியங்களைக் காட்டிலும் அந்த அலுவலகம் தரும் கைம்பெண் அடையாள அட்டையும் பதிவு எண்ணும் பயனுள்ளவை. மற்ற எல்லா விண்ணப்பங்களும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கும்.

உங்களுக்கு வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்டதற்கு, வருந்தத்தக்க பதில்தான். கருணை அடிப்படை வேலை பணியில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு உரியது. ஓய்வுக்குப் பின் இறந்தவருக்கு இல்லை. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு என்று நீங்கள் கேள்விப்பட்ட ஒதுக்கீடு, படையிலிருந்து வந்தவருக்கே. போரில் உயிரிழந்தோர், கடுமையாக ஊனமுற்றோர் குடும்பங்களுக்கு மட்டும் சில முன்னுரிமைகள் உண்டு. 1986-இல் தொடங்கிய மாநில அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் காவலர் வேலை தருவதும் முன்னாள் படைவீரர்களுக்காகத்தான். 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில், தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. அதுவும் முன்னாள் படைவீரர்களை முன்வைத்த திட்டம். மகன் என்ற முறையில் உங்களுக்கு நேராகக் கிடைக்கும் என்று எண்ணி யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ‘சைனிக் கோட்டாவில் வேலை வாங்கித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர்கள் இராணுவக் குடும்பம் உள்ள ஊர்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

மருத்துவமும் கேன்டீனும் இந்த அலுவலகத்தின் கையில் இல்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் தந்தை அட்டை எடுத்திருந்தால், தாயார் முதன்மைப் பயனாளியாக மாறிப் புதிய அட்டை பெறலாம்; திருமணமாகாத தங்கைக்கும் கிடைக்கும்; மகனுக்கு 25 வயதோடு முடிந்துவிடும். தந்தை விடுவிக்கப்பட்டபோது தந்த தாள்களில் இராணுவக் குழுக் காப்பீட்டு நிதியத்தின் சான்றிதழ் ஒன்று இருக்கிறதா என்றும் பெட்டியைத் துழாவிப் பாருங்கள். ஓய்வுக்குப் பின்னும் குறிப்பிட்ட காலம் நீடிக்கும் காப்பீடு அது. காலமும் தொகையும் அதிலேயே இருக்கும். அது எதற்கென்று தெரியாமலே பல வீடுகளில் கிடக்கிறது.

அலுவலகத்தில் எவரேனும் இழுத்தடித்தால், ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துக்கொண்டு போங்கள். பட்டா, ஆக்கிரமிப்பு, காவல் நிலையப் பிரச்சினை போன்றவற்றுக்கு அதுவே சரியான இடம். அங்கே கொடுத்த மனு வருவாய்த் துறைக்கு எண்ணோடு போகும். ஓய்வூதியக் கணக்கில் சட்டப்படியான தகராறு என்று வந்தால் மட்டும் சென்னையில் உள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் இருக்கிறது. உங்கள் சிக்கல் அதுவரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாயாரை முதல் நாளே அலைக்கழிக்காமல், நீங்கள் மட்டும் ஒரு வேலை நாளில் காலையிலேயே போய், தந்தையின் டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் இறப்புச் சான்றையும் காட்டி, எதெது வேண்டும் என்று தாளில் எழுதி வாங்கி வாருங்கள். மறுமுறை தாயாரையும், அளவான புகைப்படங்களையும், எல்லாவற்றின் இரண்டு நகல்களையும் கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் புக் நைந்திருக்கிறது, லேமினேட் செய்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். செய்யாதீர்கள். தாயாரின் பதிவு எண்ணையும் முத்திரையையும் அந்தப் புத்தகத்தின் பக்கத்தில்தான் இட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கின்மேல் மை பிடிக்காது.